180 கிராம் ஏமாற்றம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆணி புடுங்குற வேலையில தள்ளிக்கிட்டே போன பதிவு இது. போன மாசம் வீட்டுல நடந்த ஒரு சம்பவம், இனிமேலும் தள்ளக்கூடாதுன்னு ஆக்கிடுச்சு. ஜாஸ்னா காத தூரம் ஓடுறவங்க, ரெக்கார்டெல்லாம் தாத்தா காலத்து சமாச்சாரம்னு நெனைக்கிறவங்க எல்லாரும் கொஞ்சம் பொறுமையா படிங்க மக்களே. இது இசை பத்தின புலம்பல் மட்டும் இல்ல. காசு குடுத்து வாங்குற பொருளுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிற உரிமை பத்தினதும்தான்.

மொதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எனக்கு ஜாஸ் அறிமுகம் ஆனது திருச்சியில, சித்தப்பாவோட ரேடியோ வழியா. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் சிற்றலையில 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' பிடிப்பார். வில்லிஸ் கானோவர்னு ஒருத்தர், கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஒரு குரல். நிறுத்தி நிதானமா, இங்கிலீஷ் அரைகுறையா தெரிஞ்சவனுக்கும் புரியுற மாதிரி பேசுவார். 1955ல ஆரம்பிச்சு 1996ல சாகுற வரைக்கும் அந்த ஜாஸ் நிகழ்ச்சியை நடத்தினவர். உலகம் முழுக்க ரசிகர்கள், ஆனா சொந்த ஊரான அமெரிக்காவுல அவரைத் தெரிஞ்சவங்க கம்மி. ஏன்னா வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவை உள்நாட்டு மக்களுக்கு ஒலிபரப்பக்கூடாதுன்னு அங்க சட்டம் இருந்தது. என்ன கொடுமை பாருங்க!

சிற்றலை எப்படி இருக்கும்னு கேட்டவங்களுக்குத் தெரியும். அலை அடிக்கிற மாதிரி சத்தம் ஏறும், இறங்கும், நடுவுல சீன ஸ்டேஷன் ஒண்ணு பூந்து கத்தும். அந்த கரகரப்புக்கு நடுவுல ஒரு டிரம்பெட் கேக்கும் பாருங்க... சித்தப்பா கையை மட்டும் தூக்கி 'உஷ்'னு காட்டுவார். ஒரு நாள் இதை நல்ல ரெக்கார்டுல, நல்ல பெட்டியில கேக்கணும்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தார். கேக்காமலே போய்ட்டார்.

இப்ப நியூஜெர்சிக்கு வருவோம். பொட்டி தட்டுற வேலைக்கு வந்து இங்கயே வேர் விட்டாச்சு. எங்க வீட்டுல இருந்து கார்ல கொஞ்ச தூரம் போனா ஹேக்கன்சாக், இங்கிள்வுட் கிளிஃப்ஸ். ஜாஸ் பைத்தியங்களுக்கு இதெல்லாம் பாடல் பெற்ற ஸ்தலம். ரூடி வான் கெல்டர்ங்கிற ஒலிப்பதிவாளர் ஹேக்கன்சாக்ல தன்னோட அப்பா அம்மா வீட்டு ஹால்ல மைக்கை வெச்சு மைல்ஸ் டேவிஸையும் தெலோனியஸ் மாங்கையும் பதிவு பண்ணினார். பகல்ல கண் பரிசோதிச்சு கண்ணாடி எழுதிக் குடுக்குற வேலை, மத்த நேரத்துல ஒலிப்பதிவு. மாங்க் ஒரு பாட்டுக்கே 'ஹேக்கன்சாக்'னு பேர் வெச்சிருக்கார். 1959ல இங்கிள்வுட் கிளிஃப்ஸ்ல உசரமான மரக்கூரை போட்ட தனி ஸ்டூடியோவுக்கு மாறினார். 2016ல அவர் காலமாகுற வரைக்கும் அதுதான் அவர் இடம்.

இப்படி ஸ்தல புராணம் பேசியே வளர்த்ததோட விளைவு, பதினாறு வயசு மகளுக்கும் கிறுக்கு பிடிச்சிருச்சு. பக்கத்து வீட்டுக் குழந்தைகளைப் பாத்துக்கிட்டு சேர்த்த காசுல, பிறந்தநாளுக்கு நாங்க வாங்கிக் குடுத்த டர்ன்டேபிள்ல போட, தன் சொந்தக் காசுல மொத ரெக்கார்டு வாங்கிட்டு வந்தா. பில் எவன்ஸோட 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. எனக்கு ஒரே பெருமை. தங்கமணி மட்டும் "இதுக்கு எதுக்கு இருபத்தெட்டு டாலர்? போன்லயே வருதே"ன்னு நியாயமான கேள்வியைக் கேட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் அந்த அம்மாவை அற்பமா பாத்தோம். அந்தப் பாவம் சும்மா விடல.

பளபளன்னு அட்டை. மேல தங்கக் கலர்ல ஸ்டிக்கர்: '180 கிராம் வினைல்', 'ஆடியோஃபைல் தரம்', 'குறிப்பிட்ட எண்ணிக்கைப் பதிப்பு'. தட்டை எடுத்தா கனமா, சமையலறை தோசைக்கல்லு மாதிரி இருக்கு. முள்ளை வெச்சோம். பியானோ ஆரம்பிச்சுது. ஆரம்பிச்சதுமே எனக்கு வயித்தைக் கலக்குது. நீட்டிப் பிடிச்ச ஒவ்வொரு சுரமும் லேசா மேல போய் கீழ வருது. ரெண்டாவது பாட்டு, மூணாவது பாட்டுன்னு உள்ள போகப் போக ஆட்டம் ஜாஸ்தி. முள்ளு பூட்டின கையைப் பாத்தா, ஊஞ்சல் மாதிரி இடமும் வலமும் போய்ட்டு வருது. அது போதாதுன்னு ஒரு ஓரமா துணி கிழிக்கிற மாதிரி 'சர்ர்ர்'னு ஒரு சத்தம் வேற.

மக கொஞ்ச நேரம் கேட்டுட்டு சொன்னா: "என்னப்பா, தண்ணிக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு. ஜாஸ் ரெக்கார்டுன்னா இப்படித்தான் இருக்குமா?"

அங்கதாங்க எனக்கு சுருக்குன்னு ஆச்சு. இருபத்தெட்டு டாலர் போனா போகுது. அவ இதுதான் ஜாஸ்னு நெனச்சுட்டா?

சரி, நம்ம பக்கம் தப்பு இருக்கான்னு மொதல்ல பாத்தேன். முள்ளு அழுக்கா இருக்கான்னு துடைச்சேன், கார்ட்ரிட்ஜ் நேரா இருக்கான்னு பாத்தேன், தட்டைக் கழுவிப் போட்டேன், வேற ரெக்கார்டு போட்டுப் பாத்தேன். மத்ததெல்லாம் ஒழுங்காத்தான் பாடுது. ஆக வியாதி பெட்டியில இல்ல, தட்டுல. இந்த வேலையை எல்லாரும் மொதல்ல செஞ்சுடணும், இல்லேன்னா கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போய் அசடு வழிய வேண்டி வரும் :-)

அப்ப எங்க தப்பு நடக்குது? ஒரு பழைய ஜாஸ் ஆல்பம் மறுபடி தட்டா வர்றதுக்குள்ள மூணு இடம் தாண்டி வரணும். மூணுலயும் சொதப்பலாம்.

ஒண்ணு: மூலம்.

நம்ம ஊரு பாஷையில சொன்னா டிகாக்‌ஷன். ஸ்டூடியோவுல பதிவான மாஸ்டர் டேப்புதான் மொத டிகாக்‌ஷன். அதுல இருந்து எடுத்த பிரதி ரெண்டாவது. அதுல இருந்து எப்பவோ போட்ட ஒரு சிடியை எடுத்து, அதை மறுபடி தட்டுல ஏத்தினா அது மூணாவது தண்ணி. அந்த மூணாவது தண்ணியை வெள்ளி டபரால குடுத்தா ஃபில்டர் காபி ஆயிடுமா? அந்த சிடி சத்தம் கூட்டி நசுக்கினதா இருந்தா, நசுங்கினது நசுங்கினதுதான். வினைல்ல ஏறினதும் அது நிமிர்ந்துக்காது.

இப்படி மூணாவது தண்ணி எங்கெங்கேயோ விக்கிறதுக்கு ஒரு சட்டக் காரணம் இருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துல ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம் 50 வருஷமா இருந்தது. 2011ல போட்ட ஆணைப்படி அது 70 ஆச்சு, 2013 நவம்பர்ல நடைமுறைக்கு வந்தது. ஆனா அதுக்குள்ள காலாவதி ஆனது ஆனதுதான், திரும்ப உயிர் வராது. அதாவது 1962 முடிய வெளியான பதிவு எதையும் அங்க யார் வேணும்னாலும் தட்டு போட்டு விக்கலாம். டேப்பைக் கண்ணால பாக்க வேண்டியதில்ல. யாரையும் கேக்க வேண்டியதும் இல்ல. வாசிச்சவங்க குடும்பத்துக்கு அந்தப் பதிவுக்காக ஒரு பைசா குடுக்கவும் கட்டாயம் இல்ல. ஜாஸோட பொற்காலம்னு சொல்ற 1950கள், 60களோட ஆரம்பம் பூரா இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துருச்சு. அமெரிக்காவுல கதை வேற. 2018ல வந்த சட்டப்படி 1957க்கும் 1972 பிப்ரவரி மத்திக்கும் இடையில வெளியானதுக்கு 2067 வரைக்கும் உரிமை உண்டு. ஆனாலும் அந்தத் தட்டுக்கள் இங்க கடையில ஹாயா உக்காந்திருக்கு. மக வாங்கினதும் அப்படி ஒண்ணுதான். அங்க சட்டப்படி சரி, சத்தப்படி தப்பு.

ரெண்டு: வெட்டு.

டேப்புல இருக்கிற சத்தத்தை லாக்கர் பூசின தட்டுல பள்ளமா வெட்டுற வேலை. இது ஒரு கைத்தொழில். 33⅓ வேகத்துல சுத்துற தட்டுல, வெளி ஓரத்துல முள்ளு நொடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளத்தைக் கடக்குது. லேபிள் பக்கத்துல வரும்போது அது 21 செ.மீ. தான். அதே சத்தத்தை பாதிக்கும் கொறஞ்ச இடத்துல எழுதணும். பொடி எழுத்துல எழுதின கடிதம் மாதிரி, கடைசிப் பாட்டுல சிம்பலும் டிரம்பெட்டும் இழைய ஆரம்பிக்கும். எவ்வளவு சத்தமா வெட்டலாம், எங்க அடக்கி வாசிக்கணும்னு தெரிஞ்ச ஆள் வேணும். அந்த ஆள் பேர் இல்லாம ஒரு தட்டு வந்தா, சமையல்காரர் பேர் சொல்ல வெக்கப்படுற கல்யாணச் சாப்பாடு மாதிரின்னு வெச்சுக்கங்க.

மூணு: அழுத்து.

லாக்கர்ல இருந்து உலோக அச்சு எடுத்து, சூடான பிளாஸ்டிக்கை நடுவுல வெச்சு அழுத்துற வேலை. நடு ஓட்டை ஒரு அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனா போதும், உள்பக்கப் பாட்டுல வேகம் 0.8 சதவீதம் கூடிக் கூடிக் கொறையும், 1.8 நொடிக்கு ஒரு தடவை. சுருதி சுத்தமா இருக்கணும்னு தம்புராவோட வளர்ந்த காதுக்கு இது நரகம். டிரம்ஸ்ல இது தெரியாது. சாக்ஸபோன்ல வாசிக்கிறவரோட கமகம்னு மன்னிச்சு விட்டுடலாம். பியானோ ஒரு சுரத்தைத் தட்டினா அது அசையவே கூடாது. அதனாலதான் பில் எவன்ஸ் மாதிரி மெதுவா நீட்டி வாசிக்கிற ஆள் ரெக்கார்டுல குட்டு வெளிப்பட்டுருது. அந்த 'சர்ர்' சத்தம், பிளாஸ்டிக் பள்ளத்தை முழுசா நிரப்பாம அவசரமா எடுத்ததுனால வர்றது. 2022ல அமெரிக்காவுல எண்ணிக்கைக் கணக்குல வினைல் சிடியை மிஞ்சிருச்சு, 1987க்குப் பிறகு மொத தடவையா. எல்லாருக்கும் அவசரம். ஆறவிடாம இறக்கின இட்லி என்ன கதி ஆகும்னு தெரியுமே.

இந்த மூணுல எதுக்கும் '180 கிராமு'க்கும் சம்பந்தமே இல்லைங்கிறதுதான் வேடிக்கை. தட்டு கனமா இருந்தா வளையுறது கொறையலாம், கையில பிடிக்க நல்லா இருக்கும். பள்ளத்துல எழுதியிருக்கிறது 120 கிராம்லயும் அதேதான். கனத்தை எடை போட்டுப் பாத்துடலாம், அதனால அதைப் பெருசா போடுறாங்க. மூலம் எதுன்னு நம்மால எடை போட முடியாது, அதனால அதைச் சொல்றதில்ல.

இதுவரைக்கும் படிச்சுட்டு "ஆகா, அப்ப பழைய ஒரிஜினல் தட்டுதான் தெய்வம், அனலாக்தான் சத்தியம், டிஜிட்டல் எல்லாம் பாவம்"னு நான் சொல்ல வர்றதா நெனச்சுடாதீங்க. அங்கதான் நான் நம்ம வினைல் பக்தர்கள்கிட்ட இருந்து பிரியுறேன். அடிக்க வராதீங்க.

மொதல்ல ஒரிஜினல் சமாச்சாரம். மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வை எடுத்துக்கங்க. 1959 மார்ச் 2ஆம் தேதி நியூயார்க்ல பதிவான மொத மூணு பாட்டு, அதாவது முழு ஒண்ணாம் பக்கமும், டேப் மிஷின் கொஞ்சம் மெதுவா ஓடினதுனால, தட்டுல வேகமா, சுருதி கூடி வந்துருச்சு. கூட ஓடின இன்னொரு மிஷின்ல இருந்த டேப்பை வெச்சு இதைச் சரி பண்ணி வெளியிட்டது 1992ல. 33 வருஷம்! அந்தத் தட்டோட சேந்து வாசிச்சுப் பழகின எத்தனையோ பேர் வாத்தியத்தோட சுருதியைத் திருகியிருப்பாங்க. ஆக இந்த விஷயத்துல மறுபதிப்புதான் மூலத்தைவிட உண்மை.

அதே மாதிரி வான் கெல்டர் கையால வெட்டின ப்ளூ நோட் தட்டுகள். லேபிளுக்குப் பக்கத்துல வெறும் இடத்துல அவரோட மூணெழுத்து முத்திரையும், 1966 வரைக்கும் அழுத்தின பிளாஸ்டிலைட் ஆலையோட காது மாதிரி குறியும் இருந்தா, நல்ல நிலையில இருக்கிற பிரதிக்கு சேகரிக்கிறவங்க சொத்தை எழுதிக் குடுக்கிறாங்க. அவர் அந்தக் காலத்து சாதாரண வீட்டு ரெக்கார்டு பிளேயர்ல முள்ளு குதிக்காம பாடணும்னு சத்தத்தைக் கொஞ்சம் நெருக்கி, நடுப்பகுதியைத் தூக்கி வெட்டினார். அதுல ஒரு வேகம் இருக்கு, எனக்கும் பிடிக்கும். ஆனா அது டேப்புல இருக்கிறது அப்படியே இல்ல. டேப்புக்கு விசுவாசமா இன்னிக்கு வெட்டினா வேற மாதிரிதான் கேக்கும். எது சரின்னு கேட்டா, ரெண்டும் சரிதான்.

அடுத்தது டிஜிட்டல் பாவம். 2022 ஜூலைல ஒரு கூத்து நடந்தது. மொபைல் ஃபிடலிட்டின்னு 1977ல இருந்து உயர்தரத் தட்டு போடுற கம்பெனி. அனலாக் பக்தர்களோட குலதெய்வம். அரிசோனாவுல கடை வெச்சிருக்கிற ஒருத்தர் வீடியோல வந்து, இவங்க தட்டெல்லாம் நேரா டேப்புல இருந்து வர்றதில்ல, நடுவுல ஒரு டிஜிட்டல் படி இருக்குன்னு போட்டு உடைச்சார். கம்பெனியும் ஒத்துக்கிச்சு. 2011ல இருந்தே அப்படி ஒரு வழக்கம் இருந்திருக்கு. வழக்கு ஆச்சு, கடைசியில சமரசமும் ஆச்சு.

இதுல எனக்குப் பிடிச்ச கட்டம் எதுன்னா, பத்து வருஷமா அதே தட்டுகளைக் கேட்டுட்டு "ஆஹா, டிஜிட்டல்ல இந்த உசிர் வருமா!"ன்னு உருகினவங்க அதே பக்தர்கள்தான். ஹி ஹி... நானும்தான், மறைப்பானேன். ஒழுங்கா செஞ்சா டிஜிட்டல் படி காதை உறுத்தாதுங்கிறது இதுல நிரூபணம் ஆயிருச்சு. அப்ப தப்பு எது? மறைச்சதுதான். பாமாயில்ல சுட்ட பலகாரம் ருசியா இருக்கலாம். நெய்யில சுட்டதுன்னு நம்பி வாங்கினவனுக்கு அது துரோகம்.

ஆக நான் கேக்குறது 'அனலாக் மட்டும்'னு இல்ல. நேர்மையும், கொஞ்சம் அக்கறையும். "அதெல்லாம் இந்த விலைக்குக் கட்டுப்படியாகாது சார்"னு ஒரு பதில் எப்பவும் தயாரா இருக்கும். அது பொய்னு காட்ட உதாரணம் இருக்கு.

ப்ளூ நோட் கம்பெனியே 2014ல தன்னோட 75ஆம் வருஷத்துக்குன்னு மலிவு விலையில நிறைய தட்டு போட்டாங்க. டிஜிட்டல் கோப்புல இருந்து வெட்டினது. மூலத்தைவிட, அழுத்தின தரத்தைப் பத்திதான் வாங்கினவங்க நிறைய புலம்பினாங்க. ஆனா அவங்க அந்தப் புலம்பலை உதறித் தள்ளல. 2019ல 'டோன் போயட்'னு ஒரு வரிசை ஆரம்பிச்சாங்க. ஜோ ஹார்லி மேற்பார்வை, கெவின் கிரே மூல டேப்புல இருந்து வெட்டு, கலிஃபோர்னியாவுல ஆர்டிஐ ஆலையில அழுத்து. எல்லாம் பேரோட. அட்டையும் அம்சமா. அதுக்குப் பிறகு 2020 வாக்குல இன்னொரு வரிசை, அதே கெவின் கிரே வெட்டு, ஜெர்மனியில அழுத்து, விலை இன்னும் கம்மி. மக வாங்கின உதவாக்கரைத் தட்டுக்கும் அதுக்கும் விலையில பெரிய வித்தியாசமே இல்ல! ஒரு கம்பெனி, அதே அலமாரியில இருக்கிற அதே டேப்புகள், அஞ்சே வருஷத்துல ரெண்டு விதமான தட்டு. அப்ப முடியாதுங்கிறது இல்ல, மனசு வெக்கலங்கிறதுதான்.

"இவ்வளவு தலைவலி எதுக்கு, ஸ்ட்ரீமிங்ல கேளு"ன்னா, தாராளமா கேளுங்க. மோசமான தட்டைவிட ஒழுங்கான சிடி எத்தனையோ மேல். வினைல்னாலே நல்லா இருக்கும்ங்கிறது மூடநம்பிக்கை. ஆனா ஒரு சின்னப் பொண்ணு தட்டு வாங்குறது வசதிக்காக இல்ல. இருபது நிமிஷம் போனை ஓரமா வெச்சுட்டு, ஒரு பக்கம் முடியுற வரைக்கும் உக்காந்து கேக்கணும்னு ஆசைப்பட்டு வாங்குறா. அந்த மரியாதைக்கு பதில் மரியாதை வேண்டாமா?

அதுவும் எந்த ஆல்பம்! 1961 ஜூன் 25, ஞாயித்துக்கிழமை. நியூயார்க்ல வில்லேஜ் வேன்கார்டுங்கிற நிலவறை கிளப். பில் எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பாஸ், பால் மோஷியன் டிரம்ஸ். மத்தியானமும் ராத்திரியுமா அஞ்சு தடவை மேடையேறி வாசிச்சாங்க. ஜனங்க பாட்டுக்குக் குடிச்சுக்கிட்டு பேசிக்கிட்டு இருக்காங்க. அந்த கிளாஸ் சத்தமெல்லாம் டேப்புல இருக்கு. பதினோரு நாள் கழிச்சு, ஜூலை 6ல, லஃபாரோ கார் விபத்துல போய்ட்டார். வயசு 25. எவன்ஸ் 1980ல போனார், மோஷியன் 2011ல. "நாங்க இப்படி வாசிக்கலையே, எங்க சுருதி இப்படி ஆடலையே"ன்னு சொல்ல அந்த மூணு பேர்ல ஒருத்தரும் இல்ல. அன்னிக்கு நடந்ததுக்கு சாட்சி அந்த டேப்பு மட்டும்தான். அந்த சாட்சியை மூணாவது கை வழியா வாங்கி, ஓட்டையைத் தள்ளிப் போட்டு, மேல தங்க ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறதை சாதாரண கவனக்குறைவுன்னு என்னால விட முடியல.

சரி, கதை முடிவு என்னாச்சுன்னா, தட்டைக் கடையில திருப்பிக் குடுத்தோம். மாத்திக் குடுத்தாங்க. அதுவும் அதே ஆட்டம், ஒரே கூடையில சுட்டதுதானே. மறுபடி போய் காசை வாங்கிட்டு வந்தோம். மக கூச்சப்பட்டா. "இதுல கூச்சம் என்ன, கெட்டுப்போன பாலைத் திருப்பிக் குடுக்கிறதில்லையா?"ன்னு இழுத்துக்கிட்டுப் போனேன். இதை எல்லாரும் செய்யணும்ங்க. நாம பேசாம அலமாரியில செருகிட்டா, அது அவங்க கணக்குல விற்பனை, அவ்வளவுதான்.

எங்க தெருவுல ரிட்டயர் ஆன பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் இருக்கார். விஷயம் கேள்விப்பட்டு தன்கிட்ட இருந்த அதே ஆல்பத்தைக் கொண்டுவந்து குடுத்தார். விலை உயர்ந்த ஒரிஜினல் இல்ல, 1980கள்ல ஃபேன்டஸி கம்பெனி 'ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்'னு போட்ட மலிவுப் பதிப்பு. மெல்லிசு தட்டு, ஸ்டிக்கர் கிடையாது, அட்டை ஓரம் பிஞ்சு, நாலு இடத்துல 'டிக் டிக்'னு கீறல். முள்ளை வெச்சோம். பியானோ நின்ன இடத்துல நின்னுது. பாஸ் தந்தியில விரல் படுறது தெரியுது. மக கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "அப்பா, பின்னாடி யாரோ சிரிக்கிறாங்க!"ன்னா. எனக்கு சித்தப்பா ஞாபகம் வந்துருச்சு. கையைத் தூக்கி 'உஷ்'னு காட்டினேன்.

(இதே வரிசையை 2023ல கிராஃப்ட் கம்பெனி புதுசா ஆரம்பிச்சு, டேப்புல இருந்து கெவின் கிரே வெட்டி ஒழுங்கா போட்டுக்கிட்டு வர்றாங்க. வாத்தியார் தட்டைத் திருப்பிக் குடுக்கணுமே, அதனால அடுத்த பிறந்தநாளுக்கு அது.)

வாங்கப் போறவங்களுக்கு நாலு வரி: அட்டையில எடையைப் படிக்காதீங்க, மூலம் என்னன்னு பாருங்க. யார் வெட்டினது, எந்த ஆலையில அழுத்தினதுன்னு பேர் இருக்கான்னு தேடுங்க. ஒண்ணுமே சொல்லலேன்னா சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். ஆடுச்சுன்னா, கிழிச்சதுன்னா வெக்கப்படாம திருப்பிக் குடுங்க.

கம்பெனிக்காரங்களுக்கு ஒரே வரி: பத்து ரூபா பிஸ்கட் பாக்கெட்டுலயே உள்ள என்ன இருக்குன்னு போடுறாங்க. நீங்களும் போடுங்க.

உங்களுக்கும் இப்படி ஏமாந்த கதை இருக்கும். ஜாஸ்தான்னு இல்ல, நம்ம ஊரு எல்.பி.யா இருந்தாலும் சரி, பின்னூட்டத்துல கொட்டிட்டுப் போங்க.

டிஸ்கி: "போன்லயே வருதே"ன்னு ஆரம்பத்துலயே சொன்ன தங்கமணி, வாத்தியார் தட்டை ரெண்டு பக்கமும் முழுசா உக்காந்து கேட்டாங்க. முடிஞ்சதும் "இது நல்லாருக்கு, ஆனா ஓசியில வந்ததுதானே நல்லாருக்கு"ன்னு ஒரு பன்ச் வெச்சுட்டுப் போய்ட்டாங்க. பதில் சொல்லத் தெரியல :-)